உள்ளே போன ஆமாம்

இரவு ஒன்றே கால். லூலியோ.
ஆறு உறைந்து மூன்று வாரம் ஆகிறது.
தூரூன் அனுப்பிய ஒலிப்பதிவு
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.
மர ஆலையை மூடப் போகிறார்கள்.
பேசுகிறவர் ஹில்டிங்,
பட்டை உரிக்கும் எந்திரத்தின் இடப்பக்கம்
முப்பத்தோரு வருடம் நின்றவர்.
அதனால் இடது காது மந்தம்.
கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.

“அது வந்து… என்ன சொல்றது…
திங்கக்கெழம கூட்டம்னாங்க. போனோம்.
காபி இருந்துச்சு. பன்னும் இருந்துச்சு.
ஏலக்கா போட்ட பன்னு.
சும்மா ஒரு கூட்டத்துக்குப் பன்னு வைக்க மாட்டாங்கல்ல,
அப்பவே தெரிஞ்சு போச்சு, அதான்.”

நான் தட்டினேன்:
“திங்கட்கிழமை நடைபெற்ற கூட்டத்தில்
முடிவு அறிவிக்கப்பட்டது.
இதை முன்பே எதிர்பார்த்ததாக அவர் தெரிவித்தார்.”

தெரிவித்தார்.
அவர் ஆயுளில் எதையும் தெரிவித்திருக்க மாட்டார்.
சொல்லியிருப்பார், திட்டியிருப்பார்,
எந்திரத்தை மீறிக் கத்தியிருப்பார்.

மூன்றாவது நிமிடத்தில் தூரூன் கேட்கிறாள்:
இனிமேலும் இங்கேதான் இருப்பீங்களா?
பதிலில் சொல் இல்லை.
உதட்டைக் குவித்துக் காற்றை
வெடுக்கென்று உள்ளே இழுக்கிற சத்தம்,
தூசி உறிஞ்சும் குழாயில் சில்லறை அகப்பட்ட மாதிரி.
வடக்கே நாங்கள் ஆமாம் சொல்வது அப்படித்தான்.
தெற்கிலிருந்து முதல்முறை வருகிறவர்கள்
மூச்சு முட்டுகிறதோ என்று நாற்காலி தேடுவார்கள்.

அதற்கு எழுத்து கிடையாது.
“உஷ்” என்று போட்டேன். அதட்டுகிறார்.
“ஷுப்” என்று போட்டேன். கஞ்சி குடிக்கிறார்.
மூன்று புள்ளி வைத்தேன். தயங்குகிறார்.
அவர் தயங்கவே இல்லை.
கடைசியில் “ஆம்” என்றேன்.
மனுஷர் மேடையேறி
ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டார்.

தலைப்புப் பெட்டி காலியாகக் கிடந்தது.
பெர்-ஓலா வீட்டிலிருந்து எழுதுகிறான்,
படுக்கையிலிருந்துதான் இருக்கும்:
கொஞ்சம் பேசுற மாதிரி வை,
பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி.
வைத்தேன்.
“பன்னு வந்துச்சா? அப்போ வேலை போச்சுங்க!”

நான்கு நிமிடத்தில் அறுநூறு பேர்.
பச்சைக் கோடு மேலே ஏறுகிறது.
தேநீர் போட எழுந்தபோதுதான் உறைத்தது.
அவர் பேச்சைக் கழற்றி
நாங்கள் போட்டுக்கொண்டோம்.
எங்கள் கோட்டை அவருக்கு மாட்டிவிட்டோம்.
கை நீளம், தோள் தொங்குகிறது,
அதோடு அவர் பக்கத்தின் நடுவில் நிற்கிறார்,
மேலே நாங்கள் ஊர்க்காரர்கள் போல
பல்லைக் காட்டிக்கொண்டு.

பன்னை எடுத்துவிடலாம் என்று போனேன்.
கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.
எடுக்கவில்லை.

காலை ஏழு ஐம்பதுக்குத் தொலைபேசி.
“ஹில்டிங் பேசறேன். ஆல ஹில்டிங்.”
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
பின்னால் ஏதோ பாத்திரம் தேய்க்கிற ஒலி மட்டும்.
“பன்னு நாஞ்சொன்னதுதான்.
ஆனா நான் சிரிச்சுச் சொல்லல.”

எழுத்தில் சிரிப்பு இல்லையே என்று
வாதாடியிருக்கலாம். ஆச்சரியக்குறி
என் எதிரிலேயே நின்றது.
திருத்தம் போடட்டுமா என்று கேட்டேன்.
இடது காதில் பிடித்திருந்தார் போல.
மறுபடி கேட்டேன்.
அந்தச் சத்தம் வந்தது.
கம்பிவழியாக வருகிறபோது
இன்னும் சின்னது.

தலைப்பை மாற்ற அனுமதி வேண்டும்,
பெர்-ஓலா தூங்குகிறான்.
என் கையில் இருப்பது அடியில் உள்ள திருத்தப் பெட்டி,
இருநூறு எழுத்துக்கு இடம்:

“இன்று வெளியான செய்தியில்
ஹில்டிங் ‘ஆம்’ என்று கூறியதாக இருந்தது.
அவர் அவ்வாறு கூறவில்லை.
ஆமாம் என்றுதான் சொன்னார்.”

காலைப் பணிக்கு வந்த பையன்
பனி ஒட்டிய தொப்பியோடு குனிந்து படித்தான்.
ரெண்டும் ஒண்ணுதானே? என்றான்.
உனக்குத் தூக்கம் வருது, வீட்டுக்குப் போ.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
காற்று உள்ளே போயிற்று.